அவர் பார்க்காத பறவை

தலைமை ஏற்றிருக்கும் டாக்டர் ராணியம்மாள் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைவரின் துணைவியார் அம்சவள்ளி அம்மையார் அவர்களே, கள்ளக்குறிச்சியிலிருந்தும் சங்கராபுரத்திலிருந்தும் மலையிறங்கி வெள்ளிமலையிலிருந்தும் வந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே! பேச்சே தொழிலான தமிழாசிரியன் நான். இந்த இரங்கல் கூட்டத்தில் மட்டும் எழுதி வைத்துக்கொண்டு படிக்கிறேன்.

எங்கள் பறவை பார்ப்போர் குழுவின் தலைவர் கொளஞ்சியப்பனாரைச் சுவரொட்டியில் 'பறவைச் செம்மல்' என்று போட்டிருக்கிறீர்கள். அவர் படித்திருந்தால், "செம்மலா? அது எங்க கூடு கட்டும்?" என்று கேட்டிருப்பார்! கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்தபோது, உரம் வாங்க வந்தவரை நிறுத்தி, உழுத வயலில் எந்தக் கொக்கு முதலில் இறங்குகிறது என்று விசாரித்தவர் அல்லவா அவர்!

குழுவுக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. ஒரு பறவையை நம்மில் எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை யாரும் அதன் பெயரைச் சொல்லக் கூடாது. கேள்வி கேட்கலாம், பெயர் கூடாது. "பேரு தெரிஞ்சிட்டா பாக்கறத நிறுத்திடுவீங்கப்பா" என்பார்.

சென்ற ஆண்டு, எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீட்டுப் போராட்டம் அறிவித்திருந்தார்கள். மறியல் தொடங்குமுன் திரும்பிவிடலாம் என்று மரக்காணம் உப்பளத்துக்கு வேனில் கிளம்பினோம். உள்ளான் பறவைக் கூட்டத்தைக் கண்டால் எங்களுக்கு நேரம் தெரியுமா? திரும்பும்போது தியாகதுருகம் அருகே மறியலுக்காக வெட்டிய ஒரு புளியமரம் சாலையின் குறுக்கே கிடந்தது. சுற்றிலும் இளைஞர்கள், முகமெல்லாம் கோபம். எங்கள் தலைவர் செய்த காரியம் என்ன தெரியுமா? இறங்கியதும் பைனாகுலரைத் தூக்கிக் கூட்டத்தின் பக்கம் பிடித்தார்!

"இன்னாய்யா பாத்துக்கினு கீற? போலீசுக்கு ஆள் காட்டவா?" என்று ஓர் இளைஞர் சட்டையைப் பிடித்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. தலைவரோ பைனாகுலரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "உனக்குப் பின்னால தந்திக் கம்பத்துல பாரு தம்பி. பேரு மட்டும் சொல்லாத."

அந்தப் புளியமரப் பொந்தை இழந்த ஆந்தை இரண்டு அங்கே ஒட்டி உட்கார்ந்திருந்தன. இளைஞர் நெடுநேரம் பார்த்தார். "ஏங்க, இதுங்க இனிமே எங்க போவும்?"

"எனக்கும் தெரியலப்பா. உங்க கோரிக்கை நியாயம். இதுங்க கோரிக்கையும் இன்னான்னு உக்காந்து பாப்பமா?"

வெட்டிய மரத்தின் மேலேயே இருவரும் உட்கார்ந்தார்கள். பொழுது சாய்ந்ததும் ஆந்தைகள் பறந்து வாய்க்கால் மதகுச் சந்துக்குள் புகுந்தன. மறியல் கூட்டம் மொத்தமும் கை தட்டியது! அன்றே எங்கள் குழுவில் சேர்ந்துவிட்ட அந்த இளைஞர் சின்னராசு இதோ நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆனால் அந்தப் போராட்டத்தோடு ஊர் சாதியால் இரண்டுபட்டது. எங்கள் குழு மட்டும் தப்புமா? "அவங்க வந்தா நான் வரல" என்றார்கள் இந்தப் பக்கம். அந்தப் பக்கமும் அதே பேச்சு. குழுவைக் கலைத்துவிடலாம் என்று நானே சொன்னேன். தலைவர் வாதாடவில்லை. மழைக்காலம் தொடங்கியதும் சைக்கிளில் வீடு வீடாகப் போனார். "நம்ம பூங்காவுல ஒண்ணு வந்து கீது. நீ பாக்காம என்னால பேரு சொல்ல முடியல. வாய் அரிக்குதுய்யா, வந்து தொலை!"

யாரால் சும்மா இருக்க முடியும்? முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார்கள், தனித்தனியாக நின்றார்கள். வேப்பமரத்தடிச் சருகைக் கிளறிக்கொண்டு, குட்டை வாலை ஆட்டிக்கொண்டு, அது பாட்டுக்குத் தத்தியது. கடைசி ஆளும் பார்த்து முடித்த நொடியில் இரு பக்கத்தாரும் ஒரே குரலில் கத்தினோம்: "ஆறுமணிக் குருவி!" பறவை பயந்து பறந்தே போய்விட்டது. நாங்கள் சிரித்த சிரிப்பில் பழையபடி ஒரே டீக்கடையில் போய் உட்கார்ந்தோம்.

தோழர்களே, சென்ற மாதம் கரியாலூர் போனோம். தலைவருக்கு மூச்சு வாங்கியது, கீழேயே ஜீப்பில் தங்கிவிட்டார். அருவிக்கு மேலே நாங்கள் ஒரு பறவையைப் பார்த்தோம், அதுவரை புத்தகப் படத்தில் தவிர எங்களில் யாரும் பார்த்திராத பறவை! இறங்கி வந்து வாயை மூடிக்கொண்டு நின்றோம். "காலு இன்னா நிறம்? தண்ணி குடிக்கிறப்ப தலைய தூக்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அந்த வாரமே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், அங்கேயும் அதே கேள்விகள்தான். தாங்க முடியாமல் சின்னராசு பெயரைச் சொல்லிவிடக் காதருகே குனிந்தபோது, தலைவர் கையால் அவர் வாயைப் பொத்தினார். "வாணாம்பா. நான் இன்னும் பாக்கல."

அது என்ன பறவை என்று வாசலில் பலர் கேட்டீர்கள். இரங்கல் கூட்டத்திலாவது சொல்லக் கூடாதா என்றார் ஒரு நண்பர். நியாயமான ஆவல்தான்!

எங்கள் உறுதிமொழி இதுதான். குழு கலையாது. வரும் ஞாயிறு விடியற்காலை முதல் பஸ்ஸில் கரியாலூர் ஏறுகிறோம், எந்தப் பக்கத்தவரும் வரலாம். அந்தப் பறவையை உங்களுக்கும் காட்டுகிறோம். ஆனால் பெயரைச் சொல்ல மாட்டோம். இன்றைக்கும் இல்லை, என்றைக்கும் இல்லை. கொளஞ்சியப்பனார் எங்கள் குழுவில்தான் இருக்கிறார். அவர் இன்னும் அதைப் பார்க்கவில்லை.