ஃபிட்ஸ் வெல்

— தப்பா நினைக்காதம்மா. என் தம்பிக்கு உன்னைக் கட்டி வைக்கிறதா இல்லன்னு முடிவு பண்ணிட்டோம். வீட்டுல சொன்னா உங்க அம்மா அழுவாங்க. அதான் நீ வேலை பாக்குற இடத்துக்கே வந்துட்டேன்.

— அடுத்த வாரம் கல்யாணத்தை வச்சுக்கிட்டு இன்னைக்கு வந்து சொல்றீங்க. உட்காருங்க அண்ணி. அந்தச் சட்டைக் கட்டைத் தள்ளி வச்சுட்டு உட்காருங்க. என்கிட்ட என்ன குத்தம் கண்டுபிடிச்சீங்க?

— தப்பா நினைக்காத. உங்க ஆபீஸ்ல எங்க சொந்தக்காரர் ஒருத்தர் இருக்காரு. உன் ஃபைல்ல மேனேஜர் எழுதினதை போன்ல படம் எடுத்து அனுப்பினாரு. ‘ஃபிட்ஸ் வெல்’னு இருக்கு.

— இருக்கட்டும். அதுக்கு?

— வலிப்பும்மா. உனக்கு வலிப்பு நல்லா வருதுன்னு எழுதியிருக்கு. என் வீட்டுக்காரரே படிச்சு அர்த்தம் சொன்னாரு. அவரு தினம் இங்கிலீஷ் பேப்பர் வாங்குறவரு.

— வாங்குறார், சரி. பிரிக்கிறாரா? ஒருத்திக்கு வலிப்பு ‘நல்லா வருது’ன்னு பாராட்டிக் கையெழுத்துப் போடுற மேனேஜரை நீங்க எங்கே அண்ணி பார்த்தீங்க?

— அப்ப அது நோய் இல்லையா?

— இந்தச் சட்டை தோள்ல சரியா உட்கார்ந்தா ஃபிட். டாக்டர் சோதிச்சுட்டு உடம்புல குறையில்லன்னா அதுவும் ஃபிட். இங்கே நீராவிக் குழாய் மாட்டுற உங்க தம்பிக்கு உத்தியோகமே ஃபிட்டர். ஆபீஸ்ல உட்கார்ந்துக்கிட்டு உங்க சொந்தக்காரர் என்னைப் போட்டுக்கொடுத்ததுக்குப் பேர் ஃபிட்டிங். துணி சரிபார்க்கிற வேலைக்கு நான் நல்லாப் பொருந்துறேன்னு மேனேஜர் கொடுத்த நற்சான்று அது. மூணே எழுத்து வார்த்தை, அதுக்குள்ள இத்தனை அர்த்தம் குடியிருக்கு. உங்க வீட்டுக்காரர் கதவைத் தட்டினப்போ மட்டும் நோய் ஒண்ணுதான் எட்டிப் பார்த்ததாக்கும்.

— இவ்வளவுதானா. வயித்துல பாலை வார்த்தம்மா. எதுக்கும் கேக்குறேன், தப்பா நினைக்காத. நிஜமாவே உனக்கு அந்தச் சீக்கு இல்லையே?

— இருந்தா?

— என்ன கேள்வி இது. வலிப்பு வர்றவங்களோட யாராவது உறவு கொண்டாடுவாங்களா? ஒரே தட்டுல சாப்பிட எனக்கே மனசு வராது. அவங்கவங்க வீட்டுல அடைச்சு வச்சுக்க வேண்டியதுதான்.

— தட்டு வழியா அது தொத்திக்கும்னு எந்த டாக்டர் சொன்னார்? மாத்திரை போட்டுக்கிட்டு வேலை பார்த்து, குடும்பம் நடத்தி, உங்களையும் என்னையும் போல வாழறவங்க எத்தனையோ பேர். அறியாமை உங்களோடது, சிறை மட்டும் அவங்களுக்கா? பட்டுப்புடவை மடிப்புக் கலையாம பார்த்துக்கத் தெரியுது. மனசுல அழுக்கு இத்தனை வருஷமா கிடக்கே, அது தெரியல.

— மேடை போட்டுப் பேசாதம்மா. உனக்கு இல்லல்ல, அது போதும். கல்யாணத்தை நடத்திடலாம். நான் வரட்டுமா?

— இருங்க. நீங்க இங்கே கிளம்பினது தெரிஞ்சு உங்க தம்பி எனக்குப் போன் பண்ணினார். ‘அக்கா வாயில அந்தச் சீக்கோட பேர் வந்தா, இனிமே மறைக்காத, சொல்லிடு’ன்னார்.

— எதைச் சொல்லணும்?

— ரெண்டு வருஷமா மாத்திரை சாப்பிடுறவர் அவர், அண்ணி. தெரிஞ்சுதான் நான் சம்மதிச்சேன். போன மாசம் இந்த மேஜைக்குப் பக்கத்துல விழுந்தார். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, வாயைத் துடைச்சு விட்டேன். கண் முழிச்சதும், நான் யாருன்னு அடையாளம் தெரியறதுக்கு முன்னாடியே அவர் கேட்டது இதுதான்: ‘அக்கா பார்த்துட்டாங்களா?’