தங்கையா அண்ணன் கலந்த பெயின்ட்

இன்று தலைமை தாங்கும் ஆலய பரிபாலன சபைத் தலைவர் ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் வர்த்தக சங்கப் பெரியவர்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் தங்கையா அண்ணனின் துணைவியார் இராஜம் அக்கா, மழையையும் பார்க்காமல் தோட்டங்களிலிருந்து லொறி பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, சகோதரர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் அமரர் தங்கையா அவர்களை வர்த்தகச் செம்மல் என்றார்கள். கொடை வள்ளல் என்றார்கள். நான் மறுக்கவில்லை. இந்த மண்டபத்துக் கூரைத் தகரம்கூட அவருடைய ஹார்ட்வெயார் கடையிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்த மனிதரின் உயிர் எதில் இருந்தது என்று கேட்டால் நான் கடையைச் சொல்ல மாட்டேன். மோடல் போட்டில் இருந்தது. அந்தப் போட்டுக்கு அடிக்கிற பெயின்டில் இருந்தது. பின்வரிசையில் யாரோ சிரிப்பது கேட்கிறது. தாராளமாகச் சிரியுங்கள். அவர் இருந்திருந்தால் உங்களை விடச் சத்தமாகச் சிரித்திருப்பார்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் விஜயகலா, தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். கொடகவெல மோடல் படகுச் சங்கத்தின் செயலாளர். பெரிய சங்கம் என்று நினைக்க வேண்டாம். தொண்ணூற்று நாலாம் ஆண்டு தங்கையா அண்ணனும், பஜாரில் மணிக்கூடு திருத்தும் தாஸிம் நானாவும், நானும் சேர்ந்து தொடங்கியது. பிறகு சிங்கள நண்பர்களும் தோட்டத்து ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். ஒரு முழ நீளத்துக்குப் பலகையில் போட் செய்வோம். அதில் கைக்குள் அடங்குகிற என்ஜினைப் பூட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து டேங்கில் விடுவோம். வயது வந்தவர்களுக்கு இது ஒரு வேலையா? இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் கொடகவெலயில் இல்லை. என் தாயார் இன்றைக்கும் கேட்கிறார்.

அந்தச் சின்ன என்ஜின் குடிப்பது ஸ்பிரிட்டும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எரிபொருள். அது சிந்தினால் சாதாரண எனமல் பெயின்ட் வெந்த தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். எங்கள் முதல் போட் அப்படித்தான் பாழானது. தாங்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: மீன்பிடிப் படகுக்கு அடிக்கிற எபொக்ஸி பெயின்ட். அது இரண்டு டின்னாக வரும். ஒன்றில் நிறம், மற்றதில் அதை இறுக வைக்கிற மருந்து. தனித்தனியாக வைத்தால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். கலந்துவிட்டால் கல்லாகும். தங்கையா அண்ணன் கடைக்குச் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போகும்போது, ஒரு வியாபாரியிடம் பெரிய டின்னிலிருந்து சில்லறையாக ஊற்றி வாங்கி வருவார்.

கலப்பதில் அவர் கெட்டிக்காரர் என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. முதல் முறை கலந்தபோது, சீக்கிரம் காயட்டும் என்று இறுக்குகிற மருந்தை இரட்டிப்பாக ஊற்றினார். குழம்புக்குப் புளி விடுகிற கணக்கு! நான் தடுத்தேன். "டீச்சர், நான் பெயின்ட் விக்கிறவன்" என்றார். அந்தப் போட் காயவே இல்லை. தைப்பொங்கலுக்கு அடித்தது, சித்திரை வருஷப்பிறப்புக்கும் கையில் ஒட்டியது. ஈ ஒட்டியது, றப்பர் இலை ஒட்டியது, தொழுதுவிட்டு வந்து தொட்ட தாஸிம் நானாவின் தொப்பி நூல்கூட ஒட்டியது. கடைசியில் தங்கையா அண்ணன் அதற்கு ஒரு பெயரே வைத்தார், 'மருமகன்' என்று. வீட்டை விட்டுப் போகாதாம். அதற்குப் பிறகுதான், நான் கொண்டுபோய்க் கொடுத்த தேத்தண்ணிக் கிளாஸால் அளந்து ஊற்ற ஒத்துக்கொண்டார்.

கலந்த பெயின்டைத் திருப்பி டின்னில் ஊற்ற முடியாது. நாளைக்கென்று மூடி வைக்க முடியாது. ஒரு சின்னப் போட்டுக்குக் கலந்தாலும் நிறைய மிஞ்சும். அதனால் எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் வந்தது. யார் கலந்தாலும் மற்ற எல்லோருக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். சொன்னால் எல்லோரும் தங்கள் போட்டைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். கோபம், சண்டை, கல்யாண வீடு என்று எந்தச் சாட்டும் செல்லாது. அதனால்தான் டேங்கில் எங்கள் போட்டெல்லாம் ஒரே நிறத்தில் ஓடும். எது யாருடையது என்று கரையில் நின்று அடிபிடிப்படுவோம்.

இன்னொன்றும் அந்த நாட்களில் படித்தோம். இரத்தினபுரிப் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். ஈரக் காற்றில் அந்தப் பெயின்ட் காயும்போது மேலே வெள்ளையாக மெழுகு பூத்துவிடும். பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று நாங்கள் தலையில் கை வைத்தோம். தாஸிம் நானா எரிச்சலில் துணி தோய்க்கிற சவர்க்காரம் போட்டு உரசிக் கழுவினார். வெள்ளை போய், அடியில் கண்ணாடி மாதிரி மின்னியது. இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? ஒரு மனிதர் வீடு திரும்புவாரா இல்லையா என்பது ஒரு நாள் இதில்தான் தங்கியிருந்தது.

தொண்ணூற்று ஏழாம் ஆண்டு, யுத்த காலம். கொழும்பிலிருந்து திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில், அதுதான் பாரியரில், பஸ்ஸை மறித்துச் சோதித்தார்கள். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், இன்றைக்கு அது முக்கியமில்லை. தங்கையா அண்ணனின் சாக்குப் பைக்குள் லேபல் இல்லாத இரண்டு டின். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், அந்தக் காலத்தில் ஒரு தமிழ் ஆளின் பைக்குள் அதைப் பார்த்தால் யார் பெயின்ட் என்று நம்புவார்கள்? அதிகாரி சிங்களத்தில் கேட்டார், பெயின்டுக்கு ஏன் இரண்டு டின் என்று. இரண்டையும் கலக்க வேண்டும் என்றார் இவர். கலந்தால் என்ன ஆகும் என்று கேட்டார் அதிகாரி. நீங்களும் நானுமாக இருந்தால் ஒன்றும் ஆகாது ஐயா என்று கும்பிட்டிருப்போம். நம்முடைய ஆளுக்கு மோடல் கதை என்றால் வாய் நிற்காதே! நல்ல சிங்களத்தில், ஆசையோடு விளக்கினார்:

"சூடாகும் மாத்தயா. கொஞ்ச நேரம் தொடாம வச்சிரணும். அதுக்கப்புறம் யாராலயும் நிறுத்த ஏலாது."

அவரை அந்த இடத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

பஸ் கொண்டக்டர் கடையில் வந்து சொன்ன செய்தியைக் கேட்டு நானும் இராஜம் அக்காவும் ஓடினோம். நாங்கள் போனபோது அதிகாரி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இவர் சொல்வது உண்மையானால் எங்கள் முன்னால் கலந்து, இங்கே கிடக்கிற முக்காலிக்கு அடிக்கட்டும். சொன்ன மாதிரி இறுகினால் போகலாம். இறுகாவிட்டால் விசாரணைக்குக் கொழும்புக்கு அனுப்புவோம். மனைவியைக் கண்ட தங்கையா அண்ணன் முதலில் என்ன கேட்டார் தெரியுமா? அழவில்லை, லோயரைப் பிடி என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "டீச்சர், நாலுக்கு ஒண்ணா, மூணுக்கு ஒண்ணா?" என்றார். நிறம் நாலுக்கு மருந்து ஒன்று என்றேன். பாடசாலையில் எத்தனையோ கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிழை விட்டால் ஒரு மனிதர் காணாமல் போகிற கணக்கை அன்றுதான் சொன்னேன்.

ஒரு தேத்தண்ணிக் கிளாஸ் கேட்டு வாங்கி அளந்து ஊற்றினார். முக்காலி பச்சையானது. பெண்கள் அங்கே தங்கக் கூடாது என்று எங்களை அனுப்பிவிட்டார்கள். விடிய விடிய மழை பெய்தது. மறுநாள் காலையில் நாங்கள் போய் நின்றபோது முக்காலி முழுக்க வெள்ளை பூத்திருந்தது. அதிகாரியின் முகம் மாறிவிட்டது. ஜீப்பைக் கொண்டுவரச் சொன்னார். இராஜம் அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது.

தங்கையா அண்ணன் அமைதியாக ஒரு துண்டு சவர்க்காரம் கேட்டார். அதிகாரி யோசித்தார். பிறகு கொடுக்கச் சொன்னார். கழுவினார், துடைக்கத் துணி இல்லை, தன் சட்டையையே கழற்றித் துடைத்தார். பச்சை மின்னியது. அதிகாரி சாவியை எடுத்து இழுத்துப் பார்த்தார். கோடு விழவில்லை. குத்திப் பார்த்தார். இறங்கவில்லை. சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "யன்ன" என்றார். போ என்று அர்த்தம். டின் இரண்டையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் இராஜம் அக்கா, அந்த டின் இனிமேல் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது என்றார். அண்ணன் தலையாட்டினார். அடுத்த மாதமே வாங்கி வந்துவிட்டார்! அக்காவுக்காக நானே அவரோடு சண்டைக்குப் போனேன். உங்களுக்குப் புத்தி இருக்கிறதா, பெண்சாதி பிள்ளைகளை நினைத்தீர்களா என்று கேட்டேன். அப்போது அவர் சொன்னதை இந்தச் சபையில் அப்படியே சொல்ல வேண்டும்.

"நான் என்னா தப்பு செஞ்சேன் டீச்சர்? போட்டுக்குப் பெயின்ட் அடிச்சேன். இப்ப விட்டுட்டா, அது தப்புத்தான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

அது வீரமா, பிடிவாதமா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கு இராஜம் அக்கா கொடுத்த விலை எனக்குத் தெரியும். அண்ணன் கொழும்புக்குப் போன நாளெல்லாம், அவர் வந்து சேரும் மட்டும் அக்கா வாசலை விட்டு நகர மாட்டார். அவரைப் புகழ்கிற நாம் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நடுவில் சில வருடங்கள் சமாதானம் என்றார்கள். டின்னைப் பையில் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடியபடி வந்தார். பிறகு மறுபடியும் பாரியர் போட்டார்கள். இந்த 2008ஆம் ஆண்டில் நிலைமை எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கலந்துவிட்டேன் வாங்க என்று ஆள் அனுப்பியிருந்தார். போட்டைத் தூக்கிக்கொண்டு நாங்கள் போனபோது வீடு பூட்டாமல் கிடந்தது. நெஞ்சு வலிக்கிறது என்று வேனில் ஏற்றி இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வாயுவாக இருக்கும், நடந்துதான் போய் ஏறினார் என்றார்கள். மேசையில் கலந்த பெயின்ட், பக்கத்தில் அவருடைய புதிய போட், பிரஷ், எல்லாம் இருந்தன.

நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? ஆஸ்பத்திரிக்கு ஒருவரை அனுப்பிவிட்டு, மற்றவர்கள் அவருடைய போட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். வந்து பார்த்தால், கலந்ததை வீணாக்கிவிட்டீர்களே என்று திட்டுவாரே! நன்றாகத்தான் அடித்தோம். முதலாளி அடித்ததை விட வழுவழுப்பாக இருக்கிறது, பார்த்துப் பொறாமைப்படப் போகிறார் என்று தாஸிம் நானா சொன்னார். நாங்கள் சிரித்தோம். அந்த வீட்டில், அந்த நேரத்தில், சத்தமாகச் சிரித்தோம். அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பெயின்ட் கையோடு நான்தான் எடுத்தேன். என்ன செய்தி என்று நான் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தாஸிம் நானா விட்ட இடத்திலிருந்து பிரஷை எடுத்து, மிச்சத்தையும் அடித்து முடித்தார்.

அந்தப் போட்தான் அவருடைய படத்துக்கு முன்னால், மாலைக்குக் கீழே இருக்கிறது.

அன்பர்களே, சங்கத்தைத் தொடர்ந்து நடத்துவோம் என்று இந்த இடத்தில் நான் சபதம் செய்ய வேண்டும். அதுதான் முறை. உண்மையைச் சொன்னால், அந்தச் சபதத்துக்கு நான் தயாராக இருக்கவில்லை. எங்களில் பலர் மூடிவிடலாம் என்றார்கள். காலம் சரியில்லை, டின்னோடு யார் பாரியரில் நிற்பது, பிள்ளைகுட்டிக்காரர்கள் இல்லையா என்றார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். நேற்று இராஜம் அக்கா வீட்டுக்குப் போனதும் அதற்குத்தான். அக்கா, இத்தனை வருஷம் நீங்கள் பயந்தது போதும், கடைசியாக வாங்கிய டின்களை எடுத்துக்கொண்டு போய் எங்கேயாவது புதைத்துவிடுகிறோம் என்று சொன்னேன். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

அக்கா எழும்பிப் போய் இரண்டு டின்னையும் தூக்கிக்கொண்டு வந்து சுவாமி அறை வாசலில் வைத்தார். அவர் சொன்னதோடு நான் முடித்துக்கொள்கிறேன்.

"இதைத் தூக்கிட்டு நீங்க யாரும் ரோட்டுல போக வேணாம். வீட்டுலயே இருக்கட்டும், இங்க வந்து கலங்க. கேக்குறவங்க எங்கிட்ட வந்து கேக்கட்டும். ஒரு தடவ நீ அடிச்சுப் பாரு இராஜம்னு சாகுற வரைக்கும் கேட்டாரு, நான் தொடல. அவரு போட்டுக்கு ரெண்டாவது கோட்டு நான் அடிக்கிறேன்."

அக்கா, வருகிற ஞாயிறு வருகிறோம். ஒருவர் விடாமல் வருகிறோம். நாலுக்கு ஒன்று, நானே அளந்து தருகிறேன்.