மேலாளரின் விடுப்பும் ஆற்று வெள்ளமும்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, முன்வரிசையில் கைகட்டி அமர்ந்து என்னை எடைபோடும் பெரியோர்களே, மடியில் தூங்கும் பிள்ளைக்காகக் கைதட்டாமல் இருக்கும் தாய்மார்களே, ஆற்றோரத் தெருவில் குடியிருக்கும் என் அக்கா உள்ளிட்ட உறவுகளே, வணக்கம்!

வெள்ளம் வருமுன் சங்கு ஊத வேண்டிய அலுவலகத்தில், வெள்ளம் வருமா என்று முன்கூட்டிச் சொல்லும் கணக்குக்குப் பொறுப்பாளன் நான். தெளிவாகப் பேசச் சொன்னார் தலைவர். ஐயா, குழம்பியவனைக் கூட்டிவந்து கூட்டத்தைத் தெளிவிக்கச் சொன்னால் என்ன செய்வேன்?

எங்கள் பழைய கணக்கில் இரண்டே பொருள்கள்: மலையில் பெய்யும் மழை, மேலணையில் நிற்கும் நீர். கடந்துபோன வெள்ளங்களோடு அது ஓரளவு பொருந்தியது. காற்றைச் சேர்த்தோம், இன்னும் பொருந்தியது. மண்ணின் ஈரத்தைச் சேர்த்தோம். இன்னும் இன்னும் பொருந்தியது! கை தட்டினோம், மார் தட்டினோம், மேசையையும் தட்டினோம். அப்போது உடன் பணிபுரியும் பொறியாளர் அம்மையார், குறும்புக்காக, எங்கள் மேலாளர் விடுப்பு எடுத்த நாட்களையும் உள்ளே போட்டார். பொருந்தியது ஐயா, அதுவும் பொருந்தியது!

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். அவர் லீவு போட்டால் ஆறு பொங்குமா? பொங்காது. பின் ஏன் பொருந்தியது? சேர்க்கச் சேர்க்கக் கணக்கு வரையும் கோடு வளைந்துகொடுக்கும், நடந்ததற்கெல்லாம் தலையாட்டும். நடந்ததைச் சொல்ல நாலு பேர் போதாதா? நடக்கப்போவதைச் சொல்ல வேண்டாமா?

ஆகவே சில பழைய வெள்ளங்களைக் கணக்கின் கண்ணில் காட்டாமல் ஒளித்துவைத்து, அவற்றைச் சொல் என்றோம். விடுப்பு திருதிருவென்று விழித்தது. காற்றும் கவிழ்ந்தது. மண்ணின் ஈரமோ ஒரு வெள்ளத்தை அச்சாகச் சொன்னது. அடுத்ததில் அடியோடு தவறியது. வைப்பதா, விடுவதா? இன்றுவரை மதில்மேல் பூனையாக நிற்கிறேன்.

மேடையேறுமுன் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“உன் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம்டா தம்பி. சங்கு ஊதினா நான் பிள்ளைங்கள எழுப்பணுமா, வேண்டாமா?”

ஈரத்தைச் சோதிக்க இன்னொரு வெள்ளம் வேண்டும். அந்த வெள்ளம் வருவதோ அவள் வாசலுக்கு. அவள் வாசலிலா என் கணக்குக்குப் பரீட்சை?

ஆகவே குழப்பம் தீராமலே சொல்கிறேன். காற்றும் விடுப்பும் இறங்கிப் போகட்டும். ஈரம் சேர்ந்த கணக்கு, சேராத கணக்கு, இரண்டும் இருக்கட்டும். எது எச்சரித்தாலும் சங்கு ஊதுவேன். ஊதினால் எழுங்கள், எழுப்புங்கள், மேட்டுக்கு ஏறுங்கள்! வெள்ளம் வராமல் போனால் மறுநாள் வந்து என்னை வாயாரத் திட்டுங்கள். திட்டுவதற்கு ஒருவர் குறையாமல் நீங்கள் இருக்க வேண்டும். அக்கா முன்வரிசையில் இருக்க வேண்டும்!

குழம்பியவன் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.