மாப்பிள்ளையின் கார்புரேட்டர்

உங்கள் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, சார். நீங்கள் எழுதும்போதெல்லாம் டொக் டொக்கென்று ஆடுகிறது. அட்டை ஒன்றை மடித்துக் கொடுத்தால் நின்றுவிடும். வேண்டாமா? சரி. எனக்குத்தான் எதுவும் சீராக ஓடாவிட்டால் காது குடையும்.

நான் டூவீலர் மெக்கானிக். தகரக் கூரை போட்ட சொந்தப் பட்டறை. எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப்போன தரை. போன மாதம் மண் பாதை பைக் ரேஸில் 'சூறாவளி' என்று ஒருவன் செத்துப்போனானே, அவன் என் தங்கை புருஷன். அந்தப் பட்டத்தை ஊரார் கொடுத்ததாக அவன் சொல்வான். அவன் ஹெல்மெட்டில் அதைப் பெயிண்டில் எழுதியது நான்தான். எழுதச் சொன்ன ஊரார் யார் என்று எனக்குத் தெரியும். ஒரே ஆள்தான், எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தான்.

விபத்து என்று எழுதி இந்த ஸ்டேஷனில் ஃபைலை மூடிவிட்டீர்கள். மூடியதைத் திறக்கச் சொன்னால் உங்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் யாரும் கூப்பிடாமலே வந்திருக்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

மாப்பிள்ளை கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், தங்கையை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. நன்றாக ஓட்டுவான், அதையும் சொல்லிவிட வேண்டும். வாய்தான் கொஞ்சம் நீளம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் சொன்னால் எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசிப்பான். ஆனால் ஜெயித்து மேடை ஏறி மைக்கைப் பிடித்தால், "நம்ம வண்டிக்கு ட்யூனிங் எல்லாம் நாமளேதான். கார்புரேட்டரை வேற ஒருத்தரையும் தொட விடமாட்டேன்" என்பான். நான் கீழே அவன் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வருடக்கணக்காக எடுத்துக்கொள்ளவில்லை.

என் கவலையெல்லாம் தங்கையைப் பற்றித்தான். அவனுக்கு ஒரு தடவை தோள் எலும்பு உடைந்தது, இன்னொரு தடவை மணிக்கட்டு. ரேஸ் நாளில் போன் அடித்தால் அவள் எடுக்க மாட்டாள், பக்கத்து வீட்டுக்காரியை எடுக்கச் சொல்வாள்.

"அண்ணா, நீ சொன்னா கேப்பாரு. ஒரு வார்த்தை சொல்லேன்" என்றாள்.

சொன்னேன். அவன் என் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தான். "வண்டியே நான் சொன்னா கேக்குது மச்சான். நான் எதுக்கு இன்னொருத்தர் சொல்லிக் கேக்கணும்?"

நியாயமான பேச்சுதான். ஆகவே வண்டியிடமே பேசலாம் என்று முடிவு செய்தேன்.

கார்புரேட்டர் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, சார். காற்றையும் பெட்ரோலையும் அளவாகக் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுகிற தாய் அது. பெட்ரோல் கூடிப்போனால் வண்டி அஜீரணம் வந்தவன் மாதிரி புகை விட்டு இருமும். குறைத்துக்கொண்டே போனால் சீறும், சொன்ன நொடியில் பாயும். ஓட்டுகிறவனுக்குச் சிறகு முளைத்த மாதிரி இருக்கும். ஆனால் அவனுடைய வண்டியில் எண்ணெயும் பெட்ரோலோடு கலந்தே போகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், சூடு ஏறும். நீளமான மேட்டில் ஆக்ஸிலேட்டரை முழுசாக முறுக்கிப் பிடித்தால் பிஸ்டன் வெந்து சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். பின்சக்கரம் அப்படியே பிடித்துக்கொள்ளும். சாவதற்குச் சற்று முன்னால்தான் இன்ஜின் தன் ஆயுசிலேயே மிக அழகாக ஓடும். சில மனிதர்களும் அப்படித்தான் என்பார்கள். நான் பார்த்ததில்லை.

பெட்ரோல் போகிற வழியில் ஜெட் என்று பித்தளையில் நுணுக்கமான துளை போட்ட ஒரு திருகு இருக்கும். அதைக் கழற்றிவிட்டு ஒரு சுற்றுச் சின்னத் துளை உள்ளதைப் போட்டேன். ஒரு கால் ஒடிந்தால் போதும், அதோடு ரேஸ் ஆசை விட்டுப்போகும் என்பதுதான் கணக்கு.

கால் ஒடியவில்லை. ஜெயித்துவிட்டான்.

"என்ன மச்சான் பண்ணினே? பறக்குது" என்று என் காதில் கேட்டான்.

"சுத்தம் பண்ணினேன்" என்றேன்.

மேடையில் போய், "கார்புரேட்டர்ல ஒரு சின்ன வித்தை செஞ்சேன். என்னன்னு சொல்லமாட்டேன்" என்றான். சத்தியமாகச் சொல்லத்தான் முடியாது, தெரிந்தால் அல்லவா.

அடுத்த ரேஸுக்கு இன்னும் சின்னதாகப் போட்டேன். அதிலும் ஜெயித்தான். ஓட்டம் முடிந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். ஆரோக்கியமான இன்ஜினில் பிளக் முனை காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும். இது எலும்பு மாதிரி வெளுத்திருந்தது. விஷயம் தெரிந்தவன் யாராவது பார்த்தால் கேட்பான் என்று, நல்ல நிறத்தில் இருந்த பழைய பிளக் ஒன்றைப் போட்டு முடுக்கினேன். நடுவில் ஒரு நாள் அந்த ரேஸ் பாதையின் பெரிய மேட்டில் நடந்தே ஏறிப் பார்த்தேன். ஏற்றம் முடிகிற இடத்தில் இடதுபக்கம் பாறை. வண்டி அங்கே பிடித்துக்கொண்டால் ஆள் எந்தப் பக்கம் விழுவான் என்று நின்று யோசித்தேன். நல்ல காற்று அங்கே.

மூன்றாவது ரேஸ் காலையில் வைத்திருந்தார்கள். குளிர். குளிர்ந்த காற்று அடர்த்தியானது; இருக்கிற பெட்ரோல் அதற்கு இன்னும் போதாது. நான் அதைக் கணக்கில் எடுத்துத்தான் ஜெட் போட்டிருந்தேன்.

வண்டிகள் வரிசைக்குப் போக நேரம் இருந்தது. தங்கை போன் செய்தாள். அழுதாள், ஆனால் சந்தோஷ அழுகை.

"அண்ணா, அவருக்கு பஸ் டிப்போவுல வேலை கிடைச்சிருச்சு. இதான் கடைசி ரேஸாம். என் தலையில கை வச்சு சொல்லிட்டாரு. வண்டியைக்கூட வித்துடலாம்னாரு."

"நல்லதும்மா" என்றேன்.

பழைய ஜெட் என் சட்டைப் பையில்தான் இருந்தது. மாற்றிப் போட ஒரு ஸ்க்ரூடிரைவரும், ஒருவன் பல் தேய்க்கிற நேரமும் போதும். நான் யோசிக்கவில்லை என்று நினைக்காதீர்கள், யோசித்தேன். அவன் பக்கத்தில் நின்று கையுறையை மாட்டிக்கொண்டே ஒரு ரசிகனிடம், "கார்புரேட்டர் சத்தத்தைக் கேட்டியா? அதுக்குக் காது வேணும்ப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கடைசி ரேஸிலும் ஜெயித்துவிட்டால் இந்தக் கதையை ஆயுசு முழுக்கச் சொல்வான். டிப்போவில் சொல்வான். ஒவ்வொரு டிரைவரிடமும், ஒவ்வொரு கண்டக்டரிடமும் சொல்வான். நாளைக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் சொல்வான்.

"துண்டு பத்திரம் மச்சான்" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டினான்.

அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும், சார். பட்டுத்துணியை ஒரே இழுப்பில் கிழிக்கிற மாதிரி. பாதை ஓரம் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். முதல் ஆளாக மேட்டில் ஏறினான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே சத்தம் ஊசி மாதிரி மெலிந்தது, பிறகு இல்லை. விழுந்தது இடதுபக்கம்தான். பின்னால் வந்தவன் பாவம், அவனால் பிரேக் பிடிக்க முடியவில்லை.

வண்டியைச் சோதிக்க உங்கள் ஆட்கள் என் பட்டறைக்கே கொண்டுவந்தார்கள். கோழியைக் காணோம் என்று நரியிடம் தேடச் சொன்னது போல. நான் பொய் சொல்லவில்லை. பெட்ரோல் கலவை குறைந்திருக்கிறது, பிஸ்டன் பிடித்துவிட்டது என்று உள்ளபடியே எழுதிக்கொடுத்தேன். கார்புரேட்டரை வேறு யாரும் தொடுவதில்லை என்று அவனே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அதனால் ஒருவரும் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நேற்று மாலை ரேஸ் கிளப்பில் இரங்கல் கூட்டம். தலைவர் மைக்கைப் பிடித்தார். "கார்புரேட்டரை அவர் மாதிரி செட் பண்ண இந்தப் பக்கத்துலயே ஆள் கிடையாது. கடைசி ரேஸுங்கள்ல அந்த வண்டி பாடுச்சே, அது அவரோட கை. அன்னைக்கு மட்டும் எங்கேயோ கொஞ்சம் தவறிப்போச்சு" என்றார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். இனி வருடா வருடம் சிறந்த ட்யூனிங்குக்கு அவன் பெயரில் கோப்பையாம். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, அத்தனை துக்கத்திலும் பெருமையாகத் தலை நிமிர்ந்தாள். முதல் கோப்பையை அவள் கையில் எடுத்துக் கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். கொடுத்தேன். நல்ல கனம்.

மனசாட்சி உறுத்தினால் தூக்கம் வராது என்பார்கள், உண்மைதான். விடிந்ததும் வந்துவிட்டேன்.

அவனைக் கொன்றது நான்தான். தெரிந்தே கொன்றேன். தங்கைக்காகத்தான் செய்தேன் என்பதையும் போட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும், சார். அன்றைக்கு எதுவும் தவறிப்போகவில்லை, மயிரிழைகூட. அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள். முடிந்தால் கிளப்புக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.