ஒன்றிலிருந்து எண்ணியவருக்கு

சர்வர் அறையின் சலியாத காவலே! திருகாணி ஒன்றையும் தொலைத்தறியாத திருக்கரத்தவரே! பயின்றவர், பணிபுரிபவர் எவராயினும் "அக்கா" என்று ஒரே சொல்லால் உரிமை கொண்டாடும் எங்கள் பெருமைக்குரியவரே! இன்று பணி ஓய்வு பெறும் உங்களுக்கு எங்கள் வணக்கம்.

முப்பத்தோராண்டு! பீரோ உயரத்தில் வந்த இயந்திரங்கள் பெட்டியளவாய்ச் சுருங்கின. உங்கள் பொறுமை மட்டும் சுருங்கவில்லை. சர்வரை இரும்புச் சட்டத்தில் ஏற்றவும், சூடேறினால் காற்றாடியின் ஓசையிலேயே கண்டுபிடிக்கவும், கம்பிகளைச் சடைபோல் பின்னிக் கட்டவும் கற்றுத் தந்தீர்கள். கைப்பட்டை கட்டாமல் மெமரியைத் தொடப்போனவனை, "ராசா, உன் உடம்புல கரண்டு இருக்கறது உனக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும்" என்று தடுத்தீர்கள். அவன் இன்று எங்கோ நூறு சர்வர்களைக் கட்டி மேய்க்கிறான்.

ஆனால் பணிப் பதிவேட்டில் நீங்கள் ஆய்வக உதவியாளர். பட்டம் இல்லையாம். பாடம் நடத்தியவர் நீங்கள். வகுப்புப் பதிவேட்டில் "வகுப்பெடுத்தவர்" என்ற கட்டத்தில் கையெழுத்திட்டவர்கள், பட்டம் பெற்ற நாங்கள். இதை வெட்கத்தோடு எழுதுகிறோம்.

பாராட்டு மடலில் பிழையைப் பேசுவது மரபல்ல என்பார்கள். மரபு கிடக்கட்டும். ஒன்பதாண்டுக்கு முந்தைய அந்தப் பிழையைச் சொல்லாமல் உங்களைப் பாராட்ட முடியாது.

அப்போது நம் பயிற்சி மையத்தில் ஒருத்தி பயின்றாள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வாய்த்துடுக்கால் "பட்டாசு" என்று பெயர் வாங்கியவள். மையத்தின் சர்வரில் ஐந்து டிஸ்க்குகள். ஒன்று பழுதானாலும் மற்ற நான்கும் தாங்கும். இரண்டு போனால் எல்லாம் போகும். மூன்றாம் எண் டிஸ்க் பழுது என்று திரை காட்டியது. இயந்திரத்தின் முகப்பில் நீங்கள் ஒட்டியிருந்த சீட்டில் "3" என்றிருந்த டிஸ்க்கை, மாற்றுவதற்காக அவள் உருவினாள். திரை பூஜ்யத்திலிருந்து எண்ணும். உங்கள் சீட்டோ ஒன்றிலிருந்து எண்ணியது. பழுதானது சீட்டில் "4" என்றிருந்தது; அவள் கைக்கு வந்தது நல்ல டிஸ்க். நூற்று நாற்பது பேரின் செய்முறை மதிப்பெண்கள் ஒரு நொடியில் அழிந்தன.

விசாரணை அறையில், "எண்ணத் தெரியாதவளுக்கு எதுக்கும்மா சர்வர்?" என்றார் மையத்தின் முதல்வர். நீக்கக் கடிதம் தட்டச்சாகி, கையெழுத்துக்குக் காத்திருந்தது. பட்டாசு நமுத்துப்போய் நின்றாள். வெளியே, வாடகை வண்டி ஓட்டும் அவள் அப்பா, யாரும் உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே இருந்தார்.

நீங்கள் அழைக்காமலே உள்ளே வந்தீர்கள். பிய்த்தெடுத்த சீட்டு உங்கள் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. "இத ஒட்டினது நான் சார். திரை பூஜ்யத்துல இருந்து எண்ணும்னு தெரிஞ்சேதான், பிள்ளைங்களுக்குச் சுலபமா இருக்கட்டும்னு ஒண்ணுல இருந்து எழுதினேன். இந்தப் பொண்ணு நான் எழுதினதப் படிச்சா. படிச்சது குத்தமா?"

"யோசிச்சுப் பேசுங்கம்மா. உங்க பதவி உயர்வு ஃபைல் என் மேசையிலதான் இருக்கு."

"அது மேசையிலயே இருக்கட்டும் சார். வெளிய அவங்க அப்பா நிக்கிறாரு. முதல்ல அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க."

அவள் தப்பினாள், இன்று இதே மையத்தில் பயிற்றுநர். உங்களுக்கு வரவேண்டிய பயிற்றுநர் பதவியோ அந்தக் கோப்புக்குள்ளேயே அமுங்கிப்போனது. மறுநாளே பூஜ்யத்திலிருந்து புதுச் சீட்டு ஒட்டினீர்கள். புது விதியும் வைத்தீர்கள். ஒருவர் எண்ணைச் சொல்லி, அந்த டிஸ்க்கின் விளக்கைச் சிமிட்டவைக்க வேண்டும்; இன்னொருவர் "பாத்துட்டேன்" என்று சொல்ல வேண்டும்; அதன் பிறகே கை நீள வேண்டும். அன்றுமுதல் இங்கே ஒரு நல்ல டிஸ்க்கும் தவறி உருவப்படவில்லை.

பிழையை ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனை. ஒன்பதாண்டு வாய்மூடி இருந்த எங்களுக்கு ஊதிய உயர்வு. இந்த நியாயத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட எங்களுக்கு மனமில்லை. ஆகவே இந்த மடலோடு, நீங்கள் கடைசியாகக் கற்பித்த மாணவர் அணியின் வகுப்புப் பதிவேட்டையும் மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறோம். "வகுப்பெடுத்தவர்" கட்டத்தில் ஆறு மாதமாக நாங்கள் எவரும் கையெழுத்திடவில்லை. முதல்வரிடம் அனுமதி கேட்கவுமில்லை. அவர் இதோ மேடையில்தான் அமர்ந்திருக்கிறார். மறுப்பதானால் எல்லார் முன்னிலையிலும் மறுக்கட்டும்.

இரைச்சல் ஓய்ந்த செவிகளோடும், குளிரறையில் விறைத்த விரல்களுக்கு இனியேனும் இளவெயிலோடும், நோயின்றி, நெடுங்காலம், தலைநிமிர்ந்து வாழ்க!

பயிற்றுநர் அவர்களே! பேனா பதிவேட்டின்மேல் இருக்கிறது. உங்கள் கட்டம் எதுவென்று பார்த்துவிட்டோம், அக்கா. கை நீட்டுங்கள்.

இங்ஙனம்,
உங்களிடம் கற்று, உங்கள் இடத்தில் கையெழுத்திட்டு வந்த
பயிற்சி மையப் பணியாளர்கள்