ஊளை நின்ற பர்னர்

கேஸ் பர்னர் ஊளையிட்டால் முதலில் கேஸைப் பீய்ச்சும் ஜெட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். குண்டூசியால் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். தின்னரில் ஊறவைத்துக் காற்றால் ஊத வேண்டும். இதையெல்லாம் நான் ஒழுங்காகச் செய்தவன், ஐயா.

பூங்காவில் ஓடும் எங்கள் சங்கத்தின் நீராவி ரயிலைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் முழங்கால் உயரம்தான். ஓட்டுபவர் கேஸ் சிலிண்டர் வைத்த பெட்டியின் மேல் உட்காருவார். அவருக்குப் பின்னால் எட்டுப் பேர் உட்காரலாம். அதன் பர்னர் பதினோரு வருடம் என் பொறுப்பு. தையல் மெஷின் பழுது பார்க்கிற எனக்கு நுணுக்கமான வேலை புதிதல்ல. அந்தச் சனியன் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. பற்றவைத்தால் ஊளை. கேஸைக் குறைத்தால் தீ உள்வாங்கி 'டப்'பென்று அணையும். கூட்டினால் துளைகளை விட்டு எழும்பி அந்தரத்தில் நிற்கும். மேட்டில் நீராவி போதாமல் ரயில் நின்றுவிடும்; ஏறியவர்களே இறங்கித் தள்ளுவார்கள். எத்தனை ஜெட் மாற்றினேன், எத்தனை குழாய்க்குப் புதிதாகத் துளை போட்டேன், எனக்கே தெரியாது.

என் மனைவி ஒருநாளும் அதில் ஏறியதில்லை. "உங்க ரயிலுக்கு இன்னிக்கும் வயித்து வலியா?" என்று கேட்பாள். சிரித்துக்கொண்டேதான் கேட்பாள்.

என் தம்பி வீடு வீடாகப் போய் கேஸ் அடுப்பு சரிசெய்பவன். ஒரு நாள் என்னிடம் வீட்டுச் சாவி வாங்கப் பூங்காவுக்கு வந்தவன், தலையைச் சாய்த்து ஊளையைக் கேட்டான்.

"காத்து ஜாஸ்தியா போகுதுண்ணே" என்றான்.

பழைய குழாயிலிருந்து ஒரு பித்தளை வளையம் அறுத்து, பர்னரின் காற்றுத் துளைகள் மேல் மாட்டி, பாதி மூடினான். ஊளை நின்றது. நீலத் தீ பாய் விரித்தாற்போல் சமமாக எரிந்தது. ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

சங்கச் செயலாளர் அவன் முதுகில் தட்டினார். "பர்னர இனிமே தம்பியே பாத்துக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஆண்டு விழாவுல அவரே ஓட்டட்டும். நீங்க டிக்கெட் கிழிங்க."

சரி என்றேன். அப்போதும் நான் முகம் சுளிக்கவில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

சனிக்கிழமை மாலை, சிலிண்டரிலிருந்து வரும் குழாயின் இணைப்பில் இருந்த ரப்பர் வாஷரை எடுத்துவிட்டு, காய்ந்து வெடித்த ஒன்றைப் போட்டேன். தானாகக் கெட்டுப்போனது என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். கசிகிற கேஸ் மேலே போகாது, இருக்கைக்கு அடியிலேயே தேங்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஞாயிறு காலை தம்பி கசிவு பார்க்கச் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாக வந்தான்.

"நான் பாத்துட்டேன்டா" என்றேன்.

"நீங்க பாத்தா போதும்ணே" என்று பிரஷ்ஷை வாளியில் போட்டான்.

முதல் சுற்றில் யாரையும் ஏற்றாமல் ஓட்டுபவர் மட்டும் போவது வழக்கம். அதனால்தான் முதல் சுற்றைத் தேர்ந்தெடுத்தேன். மற்றவர்களுக்கு ஏதாவது ஆகட்டும் என்று நினைக்கிற ஆள் நான் இல்லை.

அப்போதுதான் என் மனைவி வந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தம்பிக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "உன்ன நம்பித்தான் ஏறுறேன். என்னைத் தள்ள வச்சுடாதே" என்றாள். அவன் சிரித்தான். கேஸைத் திறந்து தீப்பெட்டியை எடுத்தான்.

நான் பத்தடி தூரத்தில் டிக்கெட் கட்டுடன் நின்றேன். அவன் உரசிய முதல் குச்சி பற்றவில்லை. இரண்டாவதும் பற்றவில்லை. மூன்றாவது பற்றியது.

தம்பி பிழைத்துக்கொண்டான், இரண்டு கைகளும் போய்விட்டன. அவள் மூன்று நாள் இருந்தாள். என்னைக் கேட்டாளாம். நான் பட்டறையில் இருந்தேன்.

அந்த மூன்று குச்சி நேரத்தில் ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சங்கமே கூடி நின்றது, ஐயா. கத்தியிருந்தால் மறுபடியும் ஏதோ கோளாறு செய்துவிட்டேன் என்றுதானே நினைத்திருப்பார்கள்.