தலைவர் நிலவறையைப் பார்வையிட்டார்

— ஆகவே, தம்பி சுபஹான், குடிக்கிறது வேற, ஆராயறது வேற. இந்த வித்தியாசத்தை நீ மனசுல ஏத்திக்கணும்.

— ஏத்திக்கினேன் தலீவரே. நீங்க கைய ஸ்டியரிங் மேல வெக்காம இருந்தா நல்லாருக்கும். திண்டிவனத்துலேர்ந்து நானும் சொல்லிக்கினே வர்றேன்.

— நான் யாரு? அப்பாசாமி. செங்கல்பட்டு மது ஒழிப்பு மன்றத்துத் தலைவர். கடை தொறந்திருந்த காலத்துலயே மது கூடாதுன்னு மேடையேறிப் பேசினவன். போன வருஷம் மறுபடி கடையெல்லாம் மூடினாங்களே, அது யாரால?

— கவர்மெண்டு மூடிச்சு.

— கவர்மெண்டைத் தட்டி எழுப்பினது யாரு?

— அது எனக்குத் தெரியாது. நான் அப்ப மாமல்லபுரத்துல வெள்ளைக்காரங்களுக்கு ரதம் காட்டிக்கினு இருந்தேன்.

— அதான் உனக்கு விஷயம் புரியலை. ஒரு பொருளைக் கண்டிக்கணும்னா முதல்ல அதைத் தெரிஞ்சுக்கணும். சாராயத்தைக் கண்டிச்சாச்சு. கள்ளைக் கண்டிச்சாச்சு. பிராந்தி, விஸ்கி, ஜின் எல்லாத்தையும் முறையாக் கண்டிச்சாச்சு. பாக்கி இருந்தது இந்த ஷாம்பெயின் ஒண்ணுதான்.

— செங்கல்பட்டுல அத்த யாரு தலீவரே குடிக்கிறான்?

— குடிக்க ஆரம்பிச்ச பிறகு தடுத்து என்ன பிரயோஜனம்?

— அதுவும் சரிதான். நான் பாட்டுக்கு சிவனேன்னு கைடு வேலை பார்த்துகினு இருந்தேன். நீங்கதான் வந்து, பாண்டிச்சேரியில பிரெஞ்சுக்காரன் ஒயின் வெச்ச நிலவறை கீதாமே, ஒரே நாள்ல காட்டிக் கூட்டியாந்துடு, கூட்டம் வேணாம்னு சொன்னீங்க.

— சின்னக் குழுவா இருந்தாத்தான் ஆய்வு ஆழமா இருக்கும். தலைவர், செயலாளர், பொருளாளர். போதாதா?

— தாராளமாப் போதும். செயலாளர் ராஜேந்திரன் சாரும் பொருளாளர் சுப்பிரமணி சாரும் பின் சீட்டுல ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சு இன்னும் ஆராய்ஞ்சுகினு கீறாங்க. கொறட்டை கேக்குது பாருங்க.

— தூங்கட்டும். பழக்கமில்லாதவங்க. வீரியமான சரக்கு இல்லையா? சுப்பிரமணி ரெண்டாவது கிளாஸ்லயே சாஞ்சுட்டான். நான் நிதானமா நின்னேன் பாத்தியா?

— பாத்தேன். சொவுத்தைப் புடிச்சுக்கினு நின்னீங்க.

— அது குளிர். நிலவறைன்னா அப்படித்தான். இங்க வெயில் மண்டையைப் பொளக்குது, அங்க கீழே மார்கழி. அந்த ஈர வாசனை, அந்தப் பாட்டிலுங்க மேல தூசி. தூசிக்குக்கூட ஒரு வம்சம் இருக்குதய்யா பிரெஞ்சுக்காரன்கிட்ட. சாயந்தரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கூட்டம் இருக்கே, அதுல இதையெல்லாம் சேத்துப் பேசப் போறேன். கேளு. பெரியோர்களே, தாய்மார்களே. அந்நிய நாட்டான் பாட்டிலைத் தலைகீழாச் சாய்ச்சு வெச்சு, தினம் கொஞ்சம் கொஞ்சமாச் சுத்தறான். எதுக்கு? உள்ளே தங்கின கசடெல்லாம் கழுத்துக்கு வரணும்னு. வந்ததும் ஒரே தட்டுல வெளியே தள்ளறான். அதே மாதிரி நம்ம சமுதாயத்தையும்...

— தலைகீழா வெக்கணுமா?

— குறுக்க பேசாதே. ஓட்டம் போயிடும்.

— அந்தப் பாட்டில் சுத்தற கதை நான் உங்களுக்கு சொன்னது தலீவரே. போன தபா வந்த ஒரு வெள்ளைக்காரன் எனக்குச் சொன்னது.

— நீ சொன்னே, நான் உணர்ந்தேன். நாக்கு வேணும் தம்பி அதுக்கு. முதல் மடக்கு உள்ள போனதும் ஆயிரம் ஊசி குத்தின மாதிரி. அப்படியே மூக்குல ஏறி, கண்ணுல தண்ணி. நம்ம ஊர்ல எதுக்காவது அந்தக் குணம் உண்டா? அது சுண்ணாம்பு மண்ணுல வெளைஞ்ச திராட்சையோட சுபாவம். உனக்குத் தெரியாது, நீ தொடறதில்லை.

— தொட மாட்டேன். மார்க்கத்துக்கும் ஆவாது, கைடு பேட்ஜுக்கும் ஆவாது.

— அந்தக் கட்டுப்பாடு எனக்குப் பிடிச்சிருக்கு. சரி, அங்க கடைசியா என்ன நடந்துச்சு? கொஞ்சம் மங்கலா இருக்கு.

— வேணாம் தலீவரே. ரோட்டப் பாப்போம்.

— சொல்லு. தலைவன்கிட்ட உண்மையை மறைக்கக் கூடாது.

— நிலவறை வாட்ச்மேன் கையப் புடிச்சு முத்தம் குடுத்தீங்க. துரை, எங்களை ஏன் விட்டுட்டுப் போனீங்க, இந்த ஜனங்களுக்கு சுதந்திரம் தாங்காதுன்னு தேம்பித் தேம்பி அழுதீங்க.

— அவர் பிரெஞ்சுக்காரர்தானே?

— மரக்காணத்துக்காரரு. பேரு தாமோதரன்.

— செவப்பா இருந்தாரே.

— அது லாந்தர் வெளிச்சம்.

— சரி, போகட்டும். ஒரு உழைப்பாளிக்கு முத்தம் குடுத்ததுல தப்பில்லை. அப்புறம்?

— துண்டைத் தலையில கட்டிக்கினு படிக்கட்டுல ஆடுனீங்க. ராஜேந்திரன் சார் தட்டுல தாளம் போட்டாரு.

— ஆட்டம் நல்லா இருந்துச்சா?

— இருந்துச்சு. அத்தோட நிறுத்தியிருக்கலாம். அப்புறம் ராஜேந்திரன் சார் கால்ல பொத்துனு விழுந்தீங்க. நீதாண்டா தலைவன், எனக்குப் பேசவே வராது, பத்து வருஷமா ஒரே பேச்சத்தான் மாத்தி மாத்திப் பேசிக்கினு இருக்கேன், ஒருத்தனும் கண்டுபிடிக்கலன்னீங்க.

— அது... அவன் காதுல விழுந்துச்சா?

— நல்லா. திரும்பச் சொல்லுங்க, சரியாக் கேக்கலன்னாரு. நீங்களும் சொன்னீங்க. மறுபடி கேக்கலன்னாரு. மறுபடி சொன்னீங்க.

— வர்ற மாசம் மன்றத்துத் தலைவர் தேர்தல். அவன்தான் எனக்கு எதிரா நிக்கறான். உனக்குத் தெரியுமா?

— அவரே சொன்னாரு. நீங்க கால்ல கெடந்தப்போ.

— பரவாயில்லை. பரவாயில்லை தம்பி. போதையில சொன்னது. போதையில சொன்னதை எந்தச் சபையிலயும் ஏத்துக்க மாட்டாங்க. சட்டமே அப்படித்தான். அவனும் குடிச்சவன், நானும் குடிச்சவன். அவன் வாயைத் தொறந்தா அவன் மானமும் போகும். ஆகவே கவலையில்லை. ஏன் வண்டி மெதுவாப் போகுது?

— அச்சரப்பாக்கத்துக்கு இந்தாண்ட செக்போஸ்டு போட்டு கீறாங்க. போலீஸ்காரர் கை காட்டறாரு.

— ஐயோ. திருப்பு. திருப்புடா வண்டிய.

— எங்க திருப்பறது, பின்னாடி லாரி நிக்குது. பேஜாரு பண்ணாம உக்காருங்க. ஒண்ணும் ஆவாது.

— வெத்தலை இருக்கா? ஏலக்காய்? ஒரு பச்சை வெங்காயமாவது வெச்சிருக்கக் கூடாதா? நீ என்ன கைடு?

— மூஞ்சியத் தொடைங்க. நான் பேசிக்கறேன். ஸலாம் ஏட்டையா.

— ஓரங்கட்டு. எங்கேர்ந்து வண்டி வருது?

— பாண்டிச்சேரி.

— பாண்டிச்சேரின்னு பளிச்சுனு சொன்ன மொத ஆளு நீதான்பா. இந்த ரோட்டுல வர்றவன் எல்லாம் திண்டிவனத்துல கல்யாணம்னுதான் சொல்லுவான். தெனம் எத்தினி கல்யாணம். எல்லாரும் எறங்குங்க. இந்த ஏட்டு சடையப்பன் மூக்கைத் தாண்டி ஒரு சொட்டு அந்தாண்ட போனது கிடையாது. நம்ம மூக்கைப் பத்தி டிபார்ட்மெண்டுல கேட்டுப் பாரு. முன்னாடி யாரு அது, மூஞ்சியத் துண்டால மூடிக்கினு?

— ஜலதோஷம்.

— துண்ட எடுங்க. அட. அப்பாசாமி ஐயா. சொவுத்துல எல்லாம் உங்க மூஞ்சிதானே ஒட்டிக் கீது. இன்னிக்கு சாயந்தரம் மது ஒழிப்புக் கூட்டம். எனக்கு அங்கதான் பந்தோபஸ்து ட்யூட்டி.

— நல்லது ஏட்டையா. ஆகவே, நீங்க உங்க கடமையை அடுத்த வண்டியில செய்ங்க.

— நாக்கு கொழருதே.

— ஆராய்ச்சிக் களைப்பு.

— கண்ணு செவந்திருக்கு. சட்டையெல்லாம் கறை. பின்னாடி ரெண்டு பேரு மலை மாதிரி சாஞ்சு கெடக்கறாங்க. ஐயா, தப்பா நெனைக்கக் கூடாது. ஊதுங்க.

— நானா? மது ஒழிப்பு மன்றத் தலைவன், நடு ரோட்டுல நின்னு ஊதறதா? நாளைக்குச் சரித்திரம் என்ன சொல்லும்?

— ஊதுங்க தலீவரே. நான் சொல்றேன் இல்ல.

— நீ வாயை மூடு. உன்னாலதான் எல்லாம். ஏட்டையா, நான் ஊதினா உங்களுக்கும் ஜலதோஷம் ஒட்டிக்கும். அந்த அக்கறையிலதான்...

— டிபார்ட்மெண்டுல லீவு குடுப்பாங்க. ஊதுங்க.

— பூ.

— அது வெளக்கை அணைக்கறது. நல்லா வயித்துலேர்ந்து.

— ஹா.

— இன்னொரு தபா.

— ஹாஆ. போதுமா? மானம் போனப்புறம் மூச்சு எதுக்கு, எல்லாத்தையும் எடுத்துக்குங்க.

— இருங்க, இருங்க. திராட்சை வாசனை. சக்கரை. காலைல தின்ன இட்லிக்கு சாம்பார். சரக்கு மட்டும் இல்ல. இது எப்படி? இந்த மூக்குக்கு இன்னா ஆச்சு? ஆளு தள்ளாடறாரு, மூக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. பின்னாடி கொறட்டை விடறவங்களையும் மோந்து பாத்துடறேன். அவங்ககிட்டயும் இல்ல. இருபது வருஷ சர்வீசுல எனக்கு இப்படி ஆனதே இல்ல.

— உங்க மூக்கு மேல தப்பில்ல ஏட்டையா. அது கில்லாடி மூக்கு. அவங்க குடிச்சது சோடா.

— சோடாவா?

— திராட்சை சோடா. எங்க மச்சான் ஜலாலுதீன் மதுராந்தகத்துல சோடா கம்பெனி வெச்சிருக்கான். அவன் போட்டது.

— தம்பி, ஏட்டையா நல்லவர். அவர்கிட்ட இப்படியெல்லாம் சமாளிக்காதே.

— சமாளிக்கல தலீவரே. நிலவறை நெசம். பாட்டிலு நெசம். அதுமேல ஒட்டின பிரெஞ்சு லேபிளு நெசம். உள்ள இருந்த சரக்கைத்தான் அந்த வூட்டு துரை ஊருக்குப் போறப்பவே குடிச்சுத் தீத்துட்டுப் போயிட்டான். காலி பாட்டிலை நான் மச்சான்கிட்ட எடுத்துப் போனேன். அவன் மெஷின்ல அது ஒக்காரவே இல்ல. அதுக்குன்னு கட்டை இழைச்சு வெச்சு, கேஸ் ஏத்தி, கார்க்கு அடிச்சு, கம்பி முறுக்கிக் கட்டினான். வெடிச்சதெல்லாம் போக மிச்சந்தான் உங்களுக்கு வந்தது. மூஞ்சில வலை கட்டிக்கினு வேலை பார்த்தான் பாவம். ஆயிரம் ஊசின்னீங்களே, அது சுண்ணாம்பு மண்ணு குத்தினது இல்ல. என் மச்சான் குத்தினது.

— ஏன்பா, பெரிய மனுஷனை இப்படி ஏமாத்தலாமா?

— நான் எங்க ஏட்டையா ஏமாத்தினேன்? நிலவறைய காட்டறேன்னேன், காட்டினேன். கிளாஸ்ல ஊத்திக் குடுத்தேன். இது இன்னா சரக்குன்னு ஒரு வார்த்த சொல்லல. மோந்து பாத்து, கண்ண மூடி, ஆஹா பிரான்ஸுன்னு அவருதான் சொன்னாரு. போதையும் அவரா ஏத்திக்கினதுதான். நெசமான சரக்கா இருந்தா இந்நேரம் மூணு பேரும் உங்க லாக்கப்புல. நான் கூட்டிப் போன ஆளுங்களை எல்லாம் பத்திரமா வூட்டுல சேத்திருக்கேன். அந்தப் பேரை நான் விட மாட்டேன்.

— பலே ஆளுப்பா நீ. சரி, கெளம்புங்க. சோடா குடிச்சதுக்கு சட்டம் எதுவும் இல்ல. பின்னாடி யாரு அது விழுந்து விழுந்து சிரிக்கிறது?

— செயலாளரு ராஜேந்திரன் சாரு. சோடான்னு சொன்னப்பவே முழிச்சுக்கினாரு.

— சுபஹான், அவன் உன் காதுல என்னமோ சொன்னானே. என்ன சொன்னான்?

— வேணாம் தலீவரே.

— சொல்லு.

— சாயந்தரம் மேடையில அவருதான் மொதல்ல பேசுவாராம். தலைவர் ஒரு பொட்டு போதை இல்லாம, முழுத் தெளிவோட என் கால்ல விழுந்து, எனக்குப் பேச வராது, நீதான் தலைவன்னு மூணு தடவை சொன்னாரு, அதுக்கு ஏட்டையாவோட மூக்கே சாட்சின்னு சொல்லப் போறாராம்.

— ஆமா, கேட்டா நான் சொல்லித்தானே ஆவணும். மூக்கு பொய் சொல்லாது.

— அவனும் சோடாதானே குடிச்சான்? அவனும்தானே கூத்தடிச்சான்?

— நான் தாளந்தான் போட்டேன், ஆடலன்றாரு.

— ஏட்டையா, வண்டியை விடாதீங்க.

— அதான் போகலாம்னுட்டேனே ஐயா. கூட்டத்துக்கு நேரமாகுது. உங்களுக்கு மாலை எல்லாம் வாங்கி வெச்சிருப்பாங்க.

— நான் குடிச்சிருக்கேன். எழுதிக்குங்க. அப்பாசாமி, மது ஒழிப்பு மன்றத் தலைவர், ஒசந்த பிரெஞ்சு ஷாம்பெயின். கேஸ் போடுங்க.

— தலீவரே, இன்னா பேசறீங்க? கேஸ் போட்டா மன்றம் போச்சு, பேரு போச்சு.

— போகட்டும். குடிகாரன்னு சொல்லட்டும். பெரிய மனுஷன் ஏதோ ஆய்வுல வழுக்கிட்டான்னு நாலு நாள் பேசி மறந்துடுவாங்க. உன் மச்சானோட சோடாவைக் குடிச்சுட்டு மரக்காணத்து வாட்ச்மேனுக்கு முத்தம் குடுத்தவன்னு தெரிஞ்சா, என் பேரப் பிள்ளைங்க காலத்துலயும் மறக்க மாட்டாங்க. எழுதுங்க ஏட்டையா.

— எழுத முடியாதுங்க. வாசனை இல்லாம கேஸ் நிக்காது. நாளைக்குக் கோர்ட்டுல டாக்டரு சோடான்னு சொல்லிட்டா என் மூக்கைப் பாத்து ஊரே சிரிக்கும்.

— வாசனைதானே வேணும்? அதோ அந்தப் புளியமரத்தடியில, சைக்கிள்காரன்கிட்டேர்ந்து பிடிச்ச, சாராயம் நிரப்பின டயர் டியூபு கெடக்குதே. அதுல ஒரு மடக்கு ஊத்துங்க ஏட்டையா, குடிச்சுட்டு ஊதறேன்.